14 வருட ஆட்சி, கடைசியில் 121 இடம்: டோரிகள் உண்மையில் எங்கே தோற்றார்கள்?

வைகைக்கரை எழுதியது:

போன வாரம் வேறொரு இழையில் 2024 பிரிட்டன் தேர்தல் பற்றிப் பேச்சு வந்தது. "2022-ல் பிரதமராக லிஸ் ட்ரஸ் வந்தார், கெடுத்தார், அவ்வளவுதான்" என்று ஒரு நண்பர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

2019 டிசம்பரில் போரிஸ் ஜான்சன் தலைமையில் கன்சர்வேட்டிவ் (டோரி) கட்சிக்கு 365 இடம், 43.6 சதவீத ஓட்டு. நாலரை வருடம் கழித்து 2024 ஜூலை 4-ஆம் தேதி 121 இடம், 23.7 சதவீதம். அந்தக் கட்சியின் வரலாற்றிலேயே இவ்வளவு கீழே போனதில்லை. 1906-ல் கட்சித் தலைவர் பால்ஃபர் சொந்தத் தொகுதியையே பறிகொடுத்தாரே, அந்தத் தேர்தலில்கூட 150-க்கு மேல் தேறினார்கள்.

ஒரு கட்சி 14 வருடம், 18 வருடம் என்று எப்படி ஆள முடிகிறது? அதைப் பிடித்தால், அது எப்படி விழுகிறது என்பதும் பிடிபடும் என்று நினைக்கிறேன். என் பார்வையில், டோரிகள் தங்களுக்குத் தாங்களே எதிர்க்கட்சியாக இருந்துதான் காலம் தள்ளினார்கள்.

1990-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சிக்கு வந்து 11 வருடம் ஆகிவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த 'போல் டாக்ஸ்' வரியால் ஊரே கொதித்துக் கிடந்தது. நவம்பரில் தாட்சரை இறக்கினார்கள், ஜான் மேஜர் வந்தார், அந்த வரியைக் கைவிடுவதாக அறிவித்தார். 1992 ஏப்ரலில் 1 கோடியே 40 லட்சம் ஓட்டு வாங்கி ஜெயித்தார்கள். ஆளை மாற்றினார்கள், ஜனங்கள் ஆட்சியே மாறியது போல உணர்ந்தார்கள்.

2019-லும் அதே கதைதான். தெரசா மே போய் ஜான்சன் வந்தார். 20,000 போலீஸ்காரர்களை எடுப்பேன் என்றார். 2010-லிருந்து குறைந்த போலீஸ்காரர்களும் ஏறக்குறைய அதே 20,000 பேர்தான். குறைத்தது அவருடைய கட்சி. ஆனால் ஜான்சன் பேசியதைக் கேட்டவர்களுக்கு அவர் வேறு கட்சிக்காரர் மாதிரிதான் தெரிந்தார்.

2022-க்கு அப்புறம் இந்த வித்தை பலிக்கவில்லை. நாட்டின் பொருளாதாரச் சிந்தனையே தப்பு என்று சொல்லிக்கொண்டு ட்ரஸ் வந்தார். ட்ரஸ் செய்தது தப்பு என்று சொல்லிக்கொண்டு ரிஷி சுனக் வந்தார். 2023 அக்டோபர் கட்சி மாநாட்டில், 30 வருட அரசியலையே மாற்றப் போகிறேன் என்று பேசினார். அந்த 30 வருடத்தில் முதல் நாலும் கடைசிப் பதிமூன்றும் அவருடைய கட்சி ஆண்டவை. அதே பேச்சில்தான் எச்எஸ்2 அதிவேக ரயில் பாதை பர்மிங்காமுக்கு வடக்கே போகாது என்று அறிவித்தார். மாநாடு நடந்த இடம் மான்செஸ்டர், அதுவும் ஒரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம். ஆறே வாரத்தில் டேவிட் கேமரனைக் கூப்பிட்டு வெளியுறவு அமைச்சர் ஆக்கினார். மாற்றம் என்று சொன்ன வாயாலேயே 2010-ல் பிரதமராக இந்த ஆட்சியைத் தொடங்கிய மனிதரைத் திரும்ப அழைத்து வந்ததை, வாக்காளர் எப்படி எடுத்துக்கொள்வார்?

முதலாமவரை இரண்டாமவர் மறுத்தார், இரண்டாமவரை மூன்றாமவர் மறுத்தார். இந்த 14 வருடத்தின் ஐந்தாவது பிரதமரான சுனக் ஓட்டுக் கேட்டுப் போனபோது "இதை நாங்கள் செய்தோம்" என்று காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. ட்ரஸ் கடைசி அடி, அவ்வளவுதான். மரம் அதற்கு முன்பே அரித்துப் போயிருந்தது.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் நிறையப் பேர் இந்தத் தளத்தில் இருக்கிறீர்கள். நான் மதுரையில் உட்கார்ந்து படித்ததை வைத்துச் சொல்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

அண்ணா, நீங்கள் தலைவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வடக்கு இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன்.

2010-ல் இங்கிலாந்தில் மட்டும் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களின் பட்டியல் சுமார் 25 லட்சம். 2023 செப்டம்பரில் 77 லட்சம். அதே 2023 ஜனவரியில் சுனக் கொடுத்த ஐந்து வாக்குறுதிகளில் ஒன்று, இந்தப் பட்டியலைக் குறைப்பது. தேர்தல் வந்தபோது பட்டியல் அவர் வாக்குக் கொடுத்த நாளைவிட நீளமாகத்தான் இருந்தது.

2022 டிசம்பர் எங்கள் வார்டில் எப்படி இருந்தது தெரியுமா? உள்ளே கட்டில் இல்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்களை டிராலியோடு நடைபாதையில் வரிசையாக நிறுத்தினோம். யார் எங்கே இருக்கிறார் என்று குழம்பாமல் இருக்க, சுவரில் காகிதத்தில் எண் எழுதி செல்லோ டேப் போட்டு ஒட்டினோம். கொஞ்ச நாளில் காகிதம் கிழிந்துபோகிறது என்று யாரோ லேமினேட் செய்து கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. தற்காலிகம் என்று நினைத்தது நிரந்தரம் ஆகிவிட்டது என்று அந்த லேமினேஷன் சொன்னது.

அந்த மாதம்தான் எங்கள் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் சங்கம், அதன் 106 வருட வரலாற்றில் இல்லாத அளவுக்கு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. என்னோடு வேலை பார்த்த இரண்டு வெள்ளைக்கார அக்காமார் தலைமுறை தலைமுறையாக டோரிக்கு ஓட்டுப் போட்ட குடும்பம். அவர்களும் பனியில் அட்டை பிடித்து நின்றார்கள்.

நார்ஃபோக்கில் கிங்ஸ் லின் என்ற ஊரில் குயின் எலிசபெத் ஆஸ்பத்திரி இருக்கிறது. பழைய காற்றடைத்த கான்கிரீட்டில் கட்டியது. கூரை இறங்கிவிடாமல் இருக்க ஆயிரக்கணக்கான முட்டுக்கால்கள் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டுக்கால். படுத்திருக்கும் நோயாளி நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கு எந்தத் தலைவர் யாரை மறுத்தார் என்ற கணக்கெல்லாம் அவருக்குத் தேவையில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டு பதிவும் அருமை. ஆனால் இருவருமே ஒன்றைத் தொடவில்லை. எதிர்க்கட்சியாக இருந்து ஆட்சியைப் பிடித்த லேபர் கட்சி இந்தத் தேர்தலில் புதிதாக மக்களை வெல்லவில்லை.

2019-ல் லேபர் படுதோல்வி அடைந்தபோது வாங்கிய ஓட்டு சுமார் 1 கோடியே 3 லட்சம். 2024-ல் 411 இடம் ஜெயித்தபோது வாங்கியது சுமார் 97 லட்சம். குறைந்திருக்கிறது! சதவீதம் 33.7. மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கு மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான இடம். 1997-ல் டோனி பிளேர் 418 இடம் வாங்கியபோது 43 சதவீத ஓட்டு இருந்தது. அன்றைக்கு அடித்தது அலை. இந்த முறை டோரிகள் நின்ற கரை சரிந்தது. அவர்களுடைய ஓட்டு 1 கோடியே 39 லட்சத்திலிருந்து 68 லட்சத்துக்கு வந்தது. பாதிக்குப் பாதி போய்விட்டது.

போன ஓட்டு எங்கே போனது? ஒரே தொகுதியை எடுத்து விரித்துக் காட்டுகிறேன். ட்ரஸ் நின்ற தென்மேற்கு நார்ஃபோக். 2019-ல் அவர் 26,195 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த கோட்டை. 2024-ல் லேபர் வேட்பாளர் டெர்ரி ஜெர்மி 11,847. ட்ரஸ் 11,217. ரிஃபார்ம் யுகே கட்சிக்காரர் பத்தாயிரத்தை நெருங்கினார். உள்ளூர்க்காரர் ஒருவர், பழைய டோரி, சுயேச்சையாக நின்று ஆறாயிரத்துக்கு மேல் வாங்கினார். லேபர் ஜெயித்தது 630 ஓட்டில், நூற்றுக்கு 27 கூட இல்லாத பங்கில்.

வலதுபக்கத்து ஓட்டு மூன்றாகக் கிழிந்தது. 2019-ல் நைஜல் ஃபராஜின் பிரெக்சிட் கட்சி (பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதுதான் பிரெக்சிட்), டோரிகள் கையிலிருந்த 317 தொகுதிகளில் ஆளே நிறுத்தாமல் ஒதுங்கி வழிவிட்டது. 2024 ஜூன் 3-ஆம் தேதி அதே ஃபராஜ் ரிஃபார்ம் கட்சியின் தலைவராகக் களத்தில் இறங்கினார். ரிஃபார்ம் 41 லட்சம் ஓட்டு வாங்கியது. கிடைத்தது 5 இடம்தான், ஆனால் கெடுத்த இடங்கள் ஏராளம்.

நம் ஊரில் கூட்டணி உடைந்தால் என்ன ஆகும் என்று நமக்கு நன்றாகவே தெரியும். அதே தேர்தல் முறைதான், அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டதுதான்.

ஈஸ்ட்ஹாம்வாசி எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணை, உங்கள் கணக்குச் சரி. ஆனால் ஓட்டு ஏன் கிழிந்தது என்பதற்கு அது பதில் இல்லை. துணி இற்றுப் போயிருந்தால்தான் இழுத்தவுடன் கிழியும்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 24 வருடம். (பலருக்குத் தெரியாது, இலங்கை, இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டவர் இங்கே முறையாக வசித்தால், பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலே பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நான் அப்படித்தான் முதலில் போட்டேன்.) எங்கள் மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கதையைச் சொல்கிறேன், ட்ரஸ் வெறும் கடைசி அடிதானா என்று பாருங்கள்.

2021 தொடக்கத்தில் 2,40,000 பவுண்டு கடன், இரண்டு வருடத்துக்கு 1.8 சதவீத நிலையான வட்டி. மாதம் ஆயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 2023 தொடக்கத்தில் அது முடியும். அதற்கு முன்பே புது வட்டி பிடித்து வைக்கலாம் என்று 2022 செப்டம்பரில் முகவரைக் கேட்டோம். 23-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ட்ரஸ்ஸின் நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் மினி பட்ஜெட் வாசித்தார். 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பு, பணம் எங்கிருந்து வரும் என்ற விளக்கம் இல்லை, வழக்கமாக வரும் சுயாதீன மதிப்பீடும் இல்லை. திங்கட்கிழமை பவுண்டு டாலருக்கு எதிராக என்றுமில்லாத அளவு விழுந்தது. புதன்கிழமை ஓய்வூதிய நிதிகள் சரியாமல் இருக்க பாங்க் ஆஃப் இங்கிலாந்து கடன்பத்திரங்களை வாங்க இறங்கியது. அந்த வாரம் முகவர் ஒரு வட்டி சொல்வார், நாங்கள் இரவு யோசித்துவிட்டுக் காலையில் கூப்பிட்டால் அந்தத் திட்டமே எடுத்தாயிற்று என்பார். ஐந்து நாளில் மூன்று முறை இப்படி. கடைசியில் 5.2 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டோம். மாதம் 1,400 பவுண்டு. மனைவி சனிக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கினா.

உண்மையைச் சொல்ல வேண்டும். வட்டி எப்படியும் ஏறித்தான் இருக்கும். மினி பட்ஜெட்டுக்கு முதல் நாளே மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி 2.25 சதவீதம் வந்துவிட்டது, 2023 ஆகஸ்டில் 5.25 வரை போனது. அதில் பெரும்பங்கு உலகம் முழுக்க ஏறிய விலைவாசியால். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த 400 பவுண்டுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயரை அந்தக் கட்சியே தட்டில் வைத்துத் தந்தது.

1992 செப்டம்பர் 16-ஐ இங்குள்ள பழையவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒரே நாளில் வட்டியை 10-லிருந்து 12 ஆக்கி, 15 ஆக்குவோம் என்றும் அறிவித்து, மாலையில் பவுண்டைக் காப்பாற்ற முடியாமல் ஐரோப்பிய நாணய ஏற்பாட்டை விட்டே வெளியேறினார்கள். அப்புறம் பொருளாதாரம் நன்றாகத்தான் தேறியது. 1997-ல் வேலையில்லாதோர் தொகை குறைந்திருந்தது. ஆனாலும் 165 இடத்தோடு வீட்டுக்குப் போனார்கள். வீட்டுப் பணத்தில் கை வைத்தவரை இந்தச் சனம் மன்னித்ததில்லை. பணத்தை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற ஒரே நம்பிக்கைக்காகத்தான் பலர் டோரியைப் பொறுத்துக்கொண்டார்கள்.

கடலோரத்து வீடு எழுதியது:

ஈஸ்ட்ஹாம் அண்ணன் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் தேதியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். கருத்துக்கணிப்புகளில் டோரிகள் பின்தங்கத் தொடங்கியது 2021 டிசம்பரில். ட்ரஸ் வர இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அந்த மாதம்தான் வடக்கு ஷ்ராப்ஷயர் இடைத்தேர்தல். 23,000 ஓட்டு வித்தியாசத்தில் வைத்திருந்த இடத்தை லிபரல் டெமாக்ரட்டுகளிடம் இழந்தார்கள். அந்த ஓட்டுப்பதிவு நாள் வரை வட்டி 0.1 சதவீதம்தான்.

கோவிட் கட்டுப்பாடுகள் இருந்தபோது, பிரதமர் அலுவலகம் இருக்கும் டவுனிங் தெருவில் நடந்த விருந்துகள் வெளியே வந்த நேரம் அது. என் அப்பா 2021 ஜனவரியில் ஒரு ஆஸ்பத்திரியில் கோவிடில் இறந்தார். கடைசியாக நான் அவரைப் பார்த்தது ஒரு நர்ஸ் பிடித்துக்கொண்டிருந்த டேப்லெட்டில். சடங்கில் 30 பேருக்கு மேல் கூடாது என்றார்கள். அத்தை காரிலேயே உட்கார்ந்திருந்தார். விதிதானே, எல்லாருக்கும் ஒன்றுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

ஏப்ரல் 17-ஆம் தேதி ராணி எலிசபெத் கறுப்பு முகக்கவசத்தோடு கணவரின் இறுதிச் சடங்கில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த படம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தைய இரவு டவுனிங் தெருவில் இரண்டு விருந்து. போலீஸ் விசாரித்து 126 அபராதம் போட்டது. ஜான்சனுக்கும் ஒன்று, சுனக்குக்கும் ஒன்று. அதனால்தான் வைகைக்கரை சொல்லும் அந்த "ஆளை மாற்றும் வித்தை" சுனக்கிடம் பலிக்கவில்லை என்று நினைக்கிறேன். அபராதம் கட்டியவர் எப்படிப் புது ஆளாக வர முடியும்?

என் அம்மா அரசியலே பேசமாட்டார். அந்த அபராதச் செய்தியைக் கேட்டுவிட்டு டிவியை அணைத்தார். "உங்கப்பாவை நாம தொடக்கூட இல்லையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புதுவரவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். டோரி 23.7, ரிஃபார்ம் 14.3, கூட்டினால் 38. லேபரின் 33.7-ஐ விட அதிகம். அப்படியானால் ஃபராஜ் வராமல் இருந்திருந்தால் டோரிகள் ஜெயித்திருப்பார்களா?

வைகைக்கரை எழுதியது:

நல்ல கேள்வி. அதற்கு வருவதற்கு முன், கடலோரத்து வீடு, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அப்பாவுக்கு என் அஞ்சலி.

புதுவரவு, அந்தக் கூட்டல் அப்படியே நடக்காது. ரிஃபார்முக்குப் போட்டவர்களில் பலர் டோரி மீது கோபத்தில் போனவர்கள். ஃபராஜ் இல்லாவிட்டால் வீட்டில் இருந்திருப்பார்கள், அல்லது வேறு எங்காவது குத்தியிருப்பார்கள். 2010-ல் கேமரன் குடியேற்றத்தை வருடத்துக்குச் சில பத்தாயிரம் பேராகக் குறைப்பேன் என்றார். பிரெக்சிட் வந்தால் கட்டுப்பாடு நம் கையில் என்றார்கள். கடைசியில் 2023 ஜூன் வரையான ஒரே வருடத்தில் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தது) 9 லட்சத்தைத் தாண்டியது. குடியேற்றம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் நாலு தேர்தலில் ஒன்றைச் சொல்லி, அதற்கு நேர் எதிரானதைச் செய்தால், அதை நம்பி ஓட்டுப் போட்டவர் திரும்பி வரமாட்டார்.

இன்னொன்று, அடி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழவில்லை. லிபரல் டெமாக்ரட்டுகள் 72 இடம் பிடித்தார்கள். செல்ட்டனம், சிச்செஸ்டர் போன்ற, வசதியானவர்கள் நிறைந்த தெற்கத்தி ஊர்கள் அதில் வரும். அங்கே போன ஓட்டு ஃபராஜ் பக்கம் போன ஓட்டு இல்லை. பிரெக்சிட் பிடிக்காதவர்கள், ஆற்றில் கழிவுநீர் விடுவதைப் பார்த்து வெறுத்தவர்கள், ஜான்சன் மீது அருவருப்பு கொண்டவர்கள். இவர்களைத் திரும்பப் பிடிக்க ஒன்று பேசினால் ரிஃபார்ம் பக்கம் போனவர்கள் இன்னும் தூரம் போவார்கள். 2019-ல் இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே கூரைக்கு அடியில் வைத்திருந்தவை பிரெக்சிட்டை முடிக்கும் அவசரமும் அன்றைய லேபர் தலைவர் கார்பின் மீதிருந்த பயமும். 2024-ல் இரண்டுமே இல்லை. அப்போதைய லேபர் தலைவர் கியர் ஸ்டார்மரை யாரும் பெரிதாக விரும்பவில்லை, ஆனால் அவரைக் கண்டு யாரும் பயப்படவும் இல்லை.

முன்னாள் பிரதமர்களின் தொகுதிகளை நேற்று இரவு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேமரனின் விட்னி: லிபரல் டெமாக்ரட். தெரசா மேயின் மெய்டன்ஹெட்: லிபரல் டெமாக்ரட். ஜான்சனின் அக்ஸ்பிரிட்ஜ்: லேபர். ட்ரஸ்ஸின் தென்மேற்கு நார்ஃபோக்: லேபர். ஐந்து பேரில் சுனக்கின் யார்க்‌ஷயர் தொகுதி ஒன்றுதான் மிஞ்சியது.

இரவுப்பணி, உங்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. நான் மேலேயிருந்து மட்டும் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த லேமினேட் செய்த எண்கள் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், ஆளை மாற்றும் வித்தை இன்னொரு முறைகூட பலித்திருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று. ஓட்டுப் பதிவே 60 சதவீதத்தைத் தொடவில்லை. 1997-ல் 71. தோற்றவர்களின் ஓட்டில் ஒரு பகுதி எந்தக் கட்சிக்கும் போகவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டது.

இரவுப்பணி எழுதியது:

அப்படி வீட்டில் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு பெரியவர், பழைய சுரங்கத் தொழிலாளி. வாழ்நாள் முழுக்க லேபர். 2019-ல் முதல்முறையாக டோரிக்குப் போட்டார். ஜான்சன் எங்கள் ஊரைக் கவனிப்பார் என்று நம்பினார். டிப்போவை மூடியதில் நின்றுபோன பஸ் திரும்ப வரும் என்று என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

தேர்தல் அன்று இரவுப் பணி முடிந்து காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வாசலில் நின்றிருந்தார். ஓட்டுச் சாவடி தெருமுனைச் சர்ச் மண்டபம்தான், அவர் நடந்து போகக்கூடிய தூரம். போட்டாச்சா என்று கேட்டேன். இரண்டு வருடமாக இடுப்பு ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்தார். "யாருக்கும்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. டீ போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன், சரி என்றார்.